உலோக நானோகோல்களின் இழுவை உருத்திரிபு

உலோக நானோகோல்களின் இழுவை உருத்திரிபு என்பது, சில நானோமீட்டர் முதல் சில பத்து நானோமீட்டர் வரை விட்டம் கொண்ட உலோகக் கோல் அல்லது கம்பியின் இரு முனைகளையும் பிடித்து இழுக்கும்போது அதன் அணு அடுக்குகளில் ஏற்படும் மாற்றங்களைக் குறிக்கும். ஒரே உலோகத்தால் ஆன, ஒரே தடிமன் கொண்ட கோல், மெதுவாக இழுக்கப்படும்போது ஒரு விதமாகவும் மிக விரைவாக இழுக்கப்படும்போது வேறு விதமாகவும் நீண்டு அறுகிறது. இவ்வேறுபாட்டைக் கணினி வழிக் கணிப்புகளும் இலத்திரன் நுண்ணோக்கியின் கீழ் செய்யப்படும் செய்முறைகளும் 1990கள் முதல் ஆராய்ந்து வருகின்றன. தமிழ்நாட்டில் கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இரும்பு, செம்பு ஆகியவற்றின் நானோகம்பிகள் பற்றி இத்தகைய கணிப்பாய்வுகள் நடைபெற்றுள்ளன.

அளவுகளும் சொற்களும்

ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். தங்கத்தில் அடுத்தடுத்த இரு அணுக்களின் மையங்களுக்கு இடையே உள்ள தொலைவு 0.288 நானோமீட்டர். எனவே 2 நானோமீட்டர் விட்டமுள்ள தங்கக் கோலின் குறுக்கே ஏழு அணுக்களே அடங்கும்.

நீளம் விட்டத்தைப் போல் சில மடங்கு மட்டும் இருப்பின் நானோகோல் என்றும், பல மடங்கு இருப்பின் நானோகம்பி என்றும் கூறுவது வழக்கம். உருத்திரிபைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இயற்பியல் ஒன்றே ஆகையால், இக்கட்டுரையில் இரு சொற்களும் கலந்து ஆளப்படுகின்றன.

பள்ளிப் பாடங்களில் வரும் பின்வரும் அளவுகள் இங்கும் பயன்படுகின்றன:

* தகைவு - ஓரலகுப் பரப்பின் மீது செயல்படும் விசை. இதன் அலகு பாஸ்கல்.
* திரிபு - நீள மாற்றத்துக்கும் தொடக்க நீளத்துக்கும் உள்ள விகிதம். இதற்கு அலகு இல்லை.
* திரிபு வீதம் - ஒரு நொடியில் ஏற்படும் திரிபு. 10 செ.மீ. கம்பி ஒரு நொடியில் 11 செ.மீ. ஆனால், திரிபு வீதம் நொடிக்கு 0.1 ஆகும்.
* மீட்சி எல்லை - விசையை நீக்கினால் பொருள் பழைய நீளத்துக்குத் திரும்பக்கூடிய கடைசி நிலை. இதற்கு மேல் நிகழ்வது நெகிழ் உருத்திரிபு எனப்படும்; அது நிலைத்து நின்றுவிடும்.

சாதாரணக் கம்பியும் நானோகோலும்

கோயம்புத்தூர் வட்டாரத்தின் மின்னோடி, நீரேற்றித் தொழிற்சாலைகளில் சுற்றப்படும் செப்புக் கம்பி, தடித்த செப்புக் கோலை அச்சுத் துளைகளின் வழியே படிப்படியாக இழுத்துப் பெறப்படுவது. ஒவ்வொரு துளையைத் தாண்டும்போதும் கம்பி மெலிந்து நீள்வதுடன், முன்னைவிடக் கடினமாகவும் ஆகிறது. கடினமான கம்பியைச் சுற்றுவது எளிதன்று. ஆகவே அதனைச் சூடாக்கி மீண்டும் மென்மையாக்குகின்றனர்.

கம்பி கடினமாவதற்குக் காரணம் அதன் படிகத்தில் உள்ள பிறழ்வுகள் ஆகும். படிகத்தில் அணுக்கள் ஒழுங்கான அடுக்குகளாக அமைந்திருக்கும். சில இடங்களில் ஓர் அடுக்கு பாதியில் முடிந்து நிற்பதும் உண்டு. அவ்வாறு அடுக்கொழுங்கு முறிந்த கோடே பிறழ்வு எனப்படும். ஒரு முழு அணு அடுக்கை மற்றோர் அடுக்கின் மீது ஒரே நேரத்தில் வழுக்கச் செய்வதற்குப் பெரும் விசை வேண்டும். பிறழ்வு இருந்தால் அணுக்கள் வரிசை வரிசையாக நகர்ந்து, சிறிய விசையிலேயே வழுக்கல் நிகழ்ந்துவிடும். பெரிய கம்பளத்தை ஒரேயடியாக இழுப்பதைவிட, அதில் ஒரு மடிப்பை உண்டாக்கி அம்மடிப்பைத் தள்ளிச் செல்வது எளிது என்பதை இதற்கு ஒப்பிடலாம்.

பிறழ்வே இல்லாத படிகத்தின் வலிமையை 1926ஆம் ஆண்டில் யாக்கொவ் பிரெங்கெல் கணக்கிட்டார். அக்கணக்கின்படி செம்பு ஏறத்தாழ 7 கிகாபாஸ்கல் சறுக்குத் தகைவைத் தாங்க வேண்டும். ஆனால் சூடாக்கி மென்மையாக்கிய செப்புக் கம்பியோ சில பத்து மெகாபாஸ்கலிலேயே நெகிழத் தொடங்கிவிடுகிறது. நூறு மடங்குக்கும் மேலான இவ்வேறுபாட்டுக்குப் பிறழ்வே காரணம் என்பதை 1934ஆம் ஆண்டில் டெய்லர், ஒரோவான், பொலானி ஆகிய மூவரும் தனித்தனியே விளக்கினர். கம்பியை மேலும் மேலும் இழுக்கும்போது பிறழ்வுகள் பெருகி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நகர முடியாமல் போகின்றன. இதனால் கம்பி கடினமாகிறது.

நானோகோலில் இந்நிலை தலைகீழாகிறது. கோல் மிகச் சிறியது ஆகையால் அதில் தொடக்கத்தில் பிறழ்வே இல்லாமல் இருக்கலாம். புதிதாக ஒன்று தோன்றினாலும், அது சில நானோமீட்டர் ஓடி மறுபக்கப் பரப்பை அடைந்து மறைந்துவிடும், பின்னிக்கொள்ள இடமில்லை. எனவே நானோகோல் நெகிழ்வதற்கு ஒவ்வொரு முறையும் புதிய பிறழ்வு பிறக்க வேண்டும். அதற்குப் பிரெங்கெல் கணக்கிட்ட அளவை நெருங்கும் தகைவு தேவைப்படுகிறது.

சிறியது வலியது என்னும் இப்போக்கு நானோ அறிவியல் தோன்றுவதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1956இல் பிரென்னர் என்பவர் மயிரிழை போன்ற இரும்புப் படிகங்களை இழுத்து, ஏறத்தாழ 13 கிகாபாஸ்கல் வரை வலிமை இருப்பதைக் கண்டார். 2004இல் மைக்ரோமீட்டர் அளவுள்ள உலோகத் தூண்களை அழுத்தி நடத்திய ஆய்வு, தூணின் விட்டம் குறையக் குறைய வலிமை கூடுவதை உறுதி செய்தது.

மேற்பரப்பின் பங்கு

நானோகோலில் மேற்பரப்பு அணுக்களின் பங்கு மிகுதி. 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள தங்கக் கம்பியில் ஏறத்தாழ பத்து இலட்சம் அணுக்களுக்கு ஓரணு மட்டுமே மேற்பரப்பில் இருக்கும். 20 நானோமீட்டர் கோலில் நூற்றுக்கு ஆறு அணுக்களும், 2 நானோமீட்டர் கோலில் ஏறக்குறையப் பாதி அணுக்களும் மேற்பரப்பில் அமைகின்றன.

மேற்பரப்பு அணுவுக்கு உள்ளிருக்கும் அணுவைவிடப் பக்கத்து அணுக்கள் குறைவு. எனவே அது தளர்வாகப் பிணைக்கப்பட்டிருக்கும். புதிய பிறழ்வுகள் பெரும்பாலும் மேற்பரப்பில், குறிப்பாகக் கோலின் விளிம்புகளிலும் மூலைகளிலும் பிறப்பதற்கு இதுவே காரணம்.

விரைவான இழுத்தல் என்றால் என்ன

ஆய்வகத்தில் உலோகக் கம்பிகளைச் சோதிக்கும் பொறிகள் நொடிக்கு 0.0001 முதல் 0.001 வரையான திரிபு வீதத்தில் இயங்குகின்றன. மோதல் சோதனைகளில் இது நொடிக்குச் சில ஆயிரம் வரை செல்லும். நானோகோல்களைப் பற்றிய கணினிக் கணிப்புகளிலோ திரிபு வீதம் நொடிக்கு 10⁷ (1 கோடி) முதல் 10¹⁰ (1000 கோடி) வரை உள்ளது.

இவ்வெண்கள் மலைப்பூட்டினாலும், முனைகளின் நேரடி வேகத்தைப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். 20 நானோமீட்டர் நீளமுள்ள கோலை நொடிக்கு 10⁸ வீதத்தில் இழுத்தால், அதன் முனைகள் ஒன்றையொன்று விட்டு நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் விலகுகின்றன. அது மெல்லோட்டம் ஓடும் மனிதரின் வேகமே. கோலின் நீளம் மிகக் குறைவு என்பதால் சாதாரண வேகம் கூடப் பெரும் திரிபு வீதமாகிறது.

செப்புக் கோலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. 20 நானோமீட்டரைக் கடக்க அதற்கு 5 பிக்கோநொடிக்குச் சற்று மேல் ஆகும் (ஒரு பிக்கோநொடி என்பது நொடியின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு). 10⁸ வீதத்தில் 10 விழுக்காடு நீள்வதற்கு 1000 பிக்கோநொடி ஆகும். அதற்குள் ஒலியலை கோலை நூற்றுக்கும் மேற்பட்ட முறை கடந்துவிடுவதால் தகைவு கோல் முழுதும் சீராகப் பரவுகிறது. 10¹⁰ வீதத்தில் அதே நீட்சிக்கு 10 பிக்கோநொடியே ஆகும். ஒலியலை இரு முறைகூட முழுமையாகக் கடக்க இயலாது. ஒரு முனையில் நேர்ந்ததை மறுமுனை அறிவதற்குள்ளேயே கோல் நீண்டுவிடுகிறது எனலாம்.

உருத்திரிபின் படிநிலைகள்

மிதமான வீதத்தில் இழுக்கப்படும் நானோகோல் பொதுவாகப் பின்வரும் நிலைகளைக் கடக்கிறது:

* மீட்சி நிலை: அணுக்களுக்கு இடையே உள்ள தொலைவு சீராகக் கூடுகிறது. சாதாரண உலோகம் 1 விழுக்காட்டுக்கும் குறைவான திரிபிலேயே மீட்சி எல்லையைத் தாண்டும். நானோகோல் 5 விழுக்காட்டுக்கு மேலும் மீட்சியுடன் நீளக்கூடும்.
* முதல் வழுக்கல்: மேற்பரப்பில் ஒரு பிறழ்வு பிறந்து கோலைக் குறுக்காகக் கடக்கிறது. தகைவு சட்டென்று வீழ்கிறது. கோலின் பக்கத்தில் ஓரணு உயரமுள்ள படி தோன்றுகிறது.
* படிப்படியான நீட்சி: தகைவு ஏறுவதும் வீழ்வதுமாக இருக்கும். தகைவு-திரிபு வரைபடம் மரமறுக்கும் வாளின் பற்களைப் போல் காணப்படும்.
* கழுத்தாதல்: ஓரிடம் மட்டும் மெலியத் தொடங்குகிறது. மேலும் வரும் உருத்திரிபு அவ்விடத்திலேயே குவிகிறது.
* அறுதல்: கழுத்து சில அணுக்கள் தடிமனாகி அறுகிறது. தங்கத்தில், அறுவதற்குச் சற்று முன் ஒற்றை அணுக்கள் வரிசையாக நிற்கும் சங்கிலி உருவாவதை 1998இல் சப்பானிய ஆய்வாளர்கள் நுண்ணோக்கியில் கண்டனர். அச்சங்கிலியின் மின்தடை ஏறத்தாழ 12.9 கிலோ ஓம்.

விரைவின் விளைவுகள்

1. வலிமை கூடுதல்

படிகத்தில் அணுக்கள் நொடிக்கு ஏறத்தாழ 10¹³ முறை அதிர்கின்றன. பிறழ்வு பிறப்பதற்கு அணுக்கள் ஓர் ஆற்றல் தடையைத் தாண்ட வேண்டும். ஒவ்வோர் அதிர்வும் அத்தடையைத் தாண்டுவதற்கான ஒரு முயற்சி எனக் கொள்ளலாம். நொடிக்கு 0.001 வீதத்தில் 10 விழுக்காடு நீட்ட 100 நொடி ஆகும். அதற்குள் 10¹⁵ முயற்சிகள் கிடைக்கின்றன. 10⁸ வீதத்தில் 10,000 முயற்சிகளும், 10¹⁰ வீதத்தில் 100 முயற்சிகளும் மட்டுமே கிடைக்கும். முயற்சிகள் குறைந்தால், தடையே தாழும் வரை தகைவு ஏற வேண்டியுள்ளது. எனவே விரைவாக இழுக்கப்படும் கோல் கூடுதல் வலிமை காட்டுகிறது. இதே காரணத்தால், வெப்பநிலையைக் குறைத்தாலும் வலிமை கூடுகிறது.

2. பல இடங்களில் நெகிழ்தல்

மெதுவாக இழுக்கும்போது முதலில் எந்த இடம் வலுவிழக்கிறதோ அவ்விடத்திலேயே வழுக்கல் தொடர்கிறது. விரைவாக இழுக்கும்போது, ஓரிடத்தில் பிறந்த பிறழ்வு மற்ற இடங்களின் தகைவைத் தணிப்பதற்குள் அங்கும் பிறழ்வுகள் பிறந்துவிடுகின்றன. உருத்திரிபு கோல் முழுதும் பரவுவதால், கழுத்தாதல் தள்ளிப்போய், சில வேளைகளில் கோல் கூடுதலாக நீள்கிறது.

2016இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனைச் செய்முறையில் காட்டினர். வெள்ளி நானோகம்பிகளை நுண்ணோக்கியின் உள்ளேயே நொடிக்கு 2 வரையான வீதத்தில் இழுத்தனர். ஏறத்தாழ 0.2 என்னும் வீதத்துக்குக் கீழ் கம்பி அதிகம் நீளாமல் முறிந்தது. அதற்கு மேல் நன்கு நீண்ட பின்னரே அறுந்தது. விரைவாக இழுத்தால் பொருள் எளிதில் நொறுங்கும் என்னும் பொதுவான எதிர்பார்ப்புக்கு இது மாறானது.

3. படிகத்தன்மை இழத்தல்

மிக உயர்ந்த வீதத்தில் பிறழ்வுகள் ஓடுவதற்குக் கூட நேரம் இருப்பதில்லை. 1999இல் வெளியான ஒரு கணிப்பாய்வில், நிக்கல் நானோகம்பியும் நிக்கல்-செம்பு உலோகக்கலவை நானோகம்பியும் 300 கெல்வின் வெப்பநிலையில் இழுக்கப்பட்டன. நிக்கல் கம்பி 7.5 விழுக்காடு திரிபு வரை மீட்சியுடன் நீண்டு, 5.5 கிகாபாஸ்கல் தகைவைத் தாங்கியது. அதற்குப் பின், நொடிக்கு 10¹⁰ என்னும் அளவிலான வீதங்களில், வழுக்கல் நிகழாமல் அணு ஒழுங்கே குலைந்து, இரு கம்பிகளும் கண்ணாடி போன்ற படிகமற்ற நிலையை அடைந்தன. பிளாட்டினக் கம்பிகளைப் பற்றிப் பின்னர் நடந்த கணிப்புகளிலும் இது காணப்பட்டது.

இம்மாற்றம் உருகுதல் அன்று. மேற்கண்ட நிக்கல் கம்பியில் மீட்சி ஆற்றல் முழுதும் வெப்பமாக மாறினாலும் வெப்பநிலை ஏறத்தாழ 50 கெல்வினே உயரும். நிக்கலின் உருகுநிலையோ 1728 கெல்வின். எனவே ஒழுங்கு குலைவதற்குக் காரணம் வெப்பம் அன்று. அணுக்கள் ஒழுங்கான இடங்களைத் தேடி அமைவதற்கு நேரம் இல்லாமையே.

4. மிக மெதுவாக இழுத்தல்

எதிர்முனையில், மிக மெதுவாக இழுக்கும்போது மேற்பரப்பு அணுக்கள் ஊர்ந்து செல்ல நேரம் கிடைக்கிறது. 2017இல் வெளியான வெள்ளி நானோபடிகச் செய்முறைகளில், அறை வெப்பநிலையிலேயே மேற்பரப்பு அணுக்கள் மெலிந்த பகுதிக்கு ஊர்ந்து வந்து, படிகம் அறுந்துவிடாமல் வெகுவாக நீண்டது.

படிக அமைப்பும் இழுக்கும் திசையும்

தங்கம், வெள்ளி, செம்பு, நிக்கல் ஆகியவற்றில், அணுக்கள் கனசதுரத்தின் மூலைகளிலும் முகங்களின் மையங்களிலும் அமைகின்றன. அறை வெப்பநிலையில் இரும்பில், அவை மூலைகளிலும் கனசதுரத்தின் நடு மையத்திலும் அமைகின்றன. இவ்வேறுபாடு உருத்திரிபை முற்றிலும் மாற்றுகிறது.

உருத்திரிபு இரு வழிகளில் நிகழலாம். ஒன்று வழுக்கல், இதில் வழுக்கிய பகுதியின் படிக ஒழுங்கு மாறாது. மற்றொன்று இரட்டையாதல், இதில் ஒரு பகுதி, மற்றப் பகுதியின் கண்ணாடி பிம்பம் போல் திரும்பி அமைகிறது. இரட்டையாதல் கோலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பரவினால், கோல் முழுதும் புதிய திசையில் அமைந்து பெரிதும் நீளும்.

தங்கத்தையும் அதன் வகையினவற்றையும் கனசதுர விளிம்பின் திசையில் இழுத்தால் வழுக்கலும், முகமூலைவிட்டத்தின் திசையில் இழுத்தால் இரட்டையாதலும் மேலோங்கும். பழுதற்ற தங்க நானோகம்பி இரட்டையாதலால் பெரிதும் நீள்வது 2011இல் செய்முறையிலும் காட்டப்பட்டது. இரும்பில் இது நேர்மாறானது: விளிம்புத் திசையில் இழுத்தால் இரட்டையாதலும், முகமூலைவிட்டத் திசையில் இழுத்தால் வழுக்கலும் நிகழ்கின்றன.

தமிழ்நாட்டிலும் இந்தியாவிலும்

இரும்பு நானோகம்பிகள் பற்றிய மேற்கண்ட முடிவுக்குக் கல்பாக்கம் ஆய்வுகள் முக்கியப் பங்களித்தன. 1971இல் நிறுவப்பட்ட இம்மையம், வேக ஈனுலைகளுக்கு வேண்டிய எஃகுகளின் இயந்திரப் பண்புகளை நெடுங்காலமாக ஆராய்ந்து வருவது. 2010களில் ஜி. சாய்நாத், பி. கே. சௌத்ரி ஆகியோர் இரும்பு நானோகம்பிகளின் விட்டம், திசை ஆகியவற்றை மாற்றி மாற்றி இழுத்தும் அழுத்தியும் கணித்து, இழுத்தலில் ஒரு வழியிலும் அழுத்தலில் வேறு வழியிலும் கம்பி உருத்திரிவதைக் காட்டினர். எஃகின் பெரும்பகுதி இரும்பே ஆகையால், அதன் அணு அடுக்கு எவ்வாறு நெகிழ்ந்து அறுகிறது என்பது அணுவுலைப் பாகங்களின் ஆயுளை அறிவதற்கு அடிப்படையாகும்.

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 2007இல் ஏறத்தாழ 2 நானோமீட்டர் விட்டமுள்ள ஒற்றைப்படிகத் தங்க நானோகம்பிகள் வேதியியல் முறையில் உருவாக்கப்பட்டன. கோயம்புத்தூரில் பாரதியார் பல்கலைக்கழகத்தில் நானோ அறிவியல் மற்றும் தொழில்நுட்பத்துக்கெனத் தனித் துறை உள்ளது.

கொங்கு நாட்டுக்கு இத்துறையோடு பழைய தொடர்பு ஒன்றும் உண்டு. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில், சங்ககால இரும்பு உருக்கும் உலைகளும் மூசை எஃகு செய்ததற்கான சான்றுகளும் கிடைத்துள்ளன. தென்னிந்திய மூசை எஃகு பிற்காலத்தில் மேற்காசியாவுக்கு ஏற்றுமதியாகித் தமாசுக்கசு வாள்கள் செய்யப் பயன்பட்டது. 2006இல் செருமனியின் திரெசுடன் ஆய்வாளர்கள், 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தகைய வாள் ஒன்றில் இரும்புக் கார்பைடால் ஆன நானோகம்பிகளும் கார்பன் நானோகுழாய்களும் இருப்பதாக அறிவித்தனர். அவ்வாளின் எஃகு எவ்வூரில் செய்யப்பட்டது என அவ்வாய்வு கூறவில்லை. மேலும், அக்கம்பிகள் எஃகின் உள்ளே புதைந்தவை. தனித்து நிற்கும் உலோக நானோகோல்களைப் போல் உருத்திரிபவை அல்ல.

கணிப்பு முறையும் அதன் வரம்பும்

இக்கணிப்புகள் மூலக்கூறு இயக்கவியல் என்னும் முறையால் செய்யப்படுகின்றன. ஒவ்வோர் அணுவின் மீதும் பக்கத்து அணுக்கள் செலுத்தும் விசையைக் கணக்கிட்டு, நியூட்டனின் இரண்டாம் விதியின்படி அணுவைச் சிறிது நகர்த்தி, மீண்டும் விசையைக் கணக்கிடுவதே இம்முறை. உலோகங்களுக்கு ஏற்ற விசை மாதிரியை டா, பாசுக்கசு ஆகியோர் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கினர். லாம்ப்சு என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. 2 நானோமீட்டர் விட்டமும் 10 நானோமீட்டர் நீளமும் கொண்ட தங்கக் கோலில் ஏறத்தாழ 1,850 அணுக்களே உள்ளன. ஆகையால் கல்லூரி மாணவர் தம் சொந்தக் கணினியிலேயே இதனை இழுத்துப் பார்க்கலாம்.

இம்முறையின் பெரிய வரம்பு காலம் ஆகும். ஒவ்வொரு நகர்த்தலும் ஏறத்தாழ ஒரு பெம்டோநொடிக்கு, அதாவது பிக்கோநொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, மட்டுமே செல்லும். ஆய்வகச் சோதனையின் 100 நொடியைக் கணிக்க 10¹⁷ நகர்த்தல்கள் வேண்டும். பத்து இலட்சம் நகர்த்தல்களை ஒரு மணி நேரத்தில் முடிக்கும் கணினிக்கு, இதற்கு ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். கணிப்புகளில் கோல் விரைவாக இழுக்கப்படுவதற்கு முதன்மைக் காரணம் இதுவே.

இதனால் கணிப்பு முடிவுகளைப் படிப்போர் கவனிக்க வேண்டியவை:

* கணிப்பில் பெறப்பட்ட வலிமை, அவ்விரைவுக்கு மட்டுமே உரியது. மெதுவான சோதனையில் அது குறைவாகவே இருக்கும்.
* படிகத்தன்மை இழத்தல் மிக உயர்ந்த வீதங்களில் கணிக்கப்பட்ட ஒன்று. 2016ஆம் ஆண்டின் வெள்ளிக் கம்பிச் செய்முறையின் உச்ச வீதம் அதைவிடப் பல கோடி மடங்கு குறைவு. எனவே நானோகோலை இழுத்தால் அது கண்ணாடியாகிவிடும் எனப் பொதுவாகக் கூறுவது தவறு.
* விட்டம், திசை, வெப்பநிலை, திரிபு வீதம் ஆகிய நான்கையும் குறிப்பிடாமல் நானோகோலின் வலிமையை ஓர் எண்ணால் மட்டும் கூறுவதில் பொருளில்லை.

பயன்பாடுகள்

வெள்ளி நானோகம்பி வலைகள், வளையக்கூடிய தொடுதிரைகளில் ஒளிபுகும் மின்முனைகளாகப் பயன்படுகின்றன. திரை மடிக்கப்படும்போது கம்பிகள் இழுபடுகின்றன; அவற்றில் பல அறுந்தால் திரை செயலிழக்கும். நொடிக்குப் பல இலட்சம் முறை அதிரும் நானோ அதிர்விகளிலும் மின்பொறியமைப்புகளின் நானோ இணைப்பிகளிலும் கம்பி மிக விரைவாக இழுபட நேரிடும். இத்தகைய கருவிகளை வடிவமைப்போருக்கு, மெதுவான சோதனையில் கிடைக்கும் எண் மட்டும் போதாது. விரைவில் கம்பி எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* நானோ தொழில்நுட்பம்
* யங் குணகம்
* படிகவியல்
* மூலக்கூறு இயக்கவியல்
* கொடுமணல்
* இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம்